அதிர்வைச் சொரசொரப்பாக உணரவைக்கும் சோதனை: முதன்முறை நடத்துபவர்களுக்கு

என் முதல் சோதனையின் பன்னிரண்டாவது பங்கேற்பாளர் எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: “விரலில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் போடும் சத்தத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.” அவருடைய விடைகளில் பத்துக்கு ஒன்பது சரி. மற்றப் பதினொரு பேரும் அதையே செய்திருக்கலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு வார வேலை வீணாயிற்று.

தட்டையான கண்ணாடியிலோ பேனா போன்ற கருவியிலோ அதிர்வை ஏற்றி, மரத்தையோ துணியையோ உப்புத்தாளையோ தொடுவது போன்ற உணர்வை எழுப்பி, அதை மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று அளக்கப்போகிறவரா நீங்கள்? அப்படியானால் கீழே உள்ள வரிசையில் போங்கள். நான் இதே வேலைகளைத் தலைகீழான வரிசையில் செய்தவன்.

1. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“மக்கள் எப்படி உணர்கிறார்கள்” என்பதை அப்படியே சோதித்துவிட முடியாது. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதிர்வு இருப்பதே தெரிகிறதா? இரண்டு அதிர்வுகளைப் பிரித்தறிய முடிகிறதா? உண்மையான பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு ஒத்திருக்கிறது? மூன்றுக்கும் ஆகும் நேரம் வேறு, தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை வேறு. மூன்றையும் ஒரே அமர்வில் திணிக்க ஆசை வரும். விட்டுவிடுங்கள்.

அதிர்வால் எதைத் தர முடியாது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சூடு, குளிர்ச்சி, பஞ்சு போன்ற மென்மை, பிசுபிசுப்பு ஆகியவற்றுக்கு வேறு வழிகள் வேண்டும். நெருடலிலும், அதாவது பரப்பின் சொரசொரப்பைத் தொட்டு உணர்வதிலும், எல்லாம் அதிர்வால் வருவதில்லை. துகள்களின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற எல்லைக்குக் கீழே போனால், விரலை நகர்த்தினால்தான் வேறுபாடு தெரியும். அங்கே அதிர்வுதான் செய்தியைக் கொண்டுபோகிறது. அதைவிடப் பெரிய மேடுபள்ளங்களைத் தோல் அழுந்தும் வடிவத்தைக் கொண்டே, விரலை அசைக்காமலும் அறியலாம். ஆகவே, வெறும் விரலுக்குக் கீழே ஒரு மோட்டாரை வைத்துக் கூழாங்கல் தரையைக் காட்டப் பார்க்காதீர்கள்.

பேனா போன்ற கருவியைப் பிடித்திருந்தால் கதை மாறும். கருவியின் முனை எதைத் தொட்டாலும் கைக்கு வந்துசேர்வது பெரும்பாலும் அதிர்வுதான். பெரிய மேடுபள்ளங்களும் அந்த வழியாகவே வரும். விரலா, கருவியா என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் அடுத்த படியின் ஆவணங்களையெல்லாம் திருத்த வேண்டிவரும்.

2. ஆவணங்கள்: சாதனம் தயாராகும்வரை காத்திருக்காதீர்கள்

மனிதர்களைக் கொண்டு செய்யும் சோதனை என்பதால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒருவரையும் உட்காரவைக்கக் கூடாது. “வெறும் அதிர்வுதானே” என்று நினைத்து நண்பர்களிடம் தரவு சேகரித்துவிட்டால், பிறகு அதை எங்கும் பயன்படுத்த முடியாது. இந்தக் குழுக்கள் குறிப்பிட்ட நாள்களில்தான் கூடும். அடுத்த கூட்டம் எப்போது, அதற்கு எத்தனை நாள் முன்பு விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகக் கேட்கப்படுபவை: ஆய்வுத் திட்டச் சுருக்கம், பங்கேற்பாளருக்கான விளக்கத் தாள், ஒப்புதல் படிவம், ஆள் சேர்க்கும் அறிவிப்பின் வாசகம், ஊக்கத்தொகை விவரம், தரவை எங்கே எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற திட்டம், சாதனத்தின் பாதுகாப்புக் குறிப்பு.

என் விண்ணப்பம் திரும்பி வந்தது கடைசியாகச் சொன்ன அந்த ஒரு பக்கம் இல்லாததால்தான். விரல் தொடும் பகுதிக்கு மின்சாரம் வராதபடி என்ன காப்பு இருக்கிறது, அதிகபட்ச மின்னழுத்தம் எவ்வளவு, அரை மணி நேரம் ஓடினால் மோட்டார் எவ்வளவு சூடாகும், அவசரமாக நிறுத்தும் பொத்தான் எங்கே என்று நான்கைந்து வரி எழுதினால் போதும். நான் எழுதவில்லை. அடுத்த கூட்டம்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பத்தில் ஒற்றை எண்களைப் போடாதீர்கள். “20 பேர், 40 நிமிடம்” என்று எழுதிவிட்டு 22-ஆவது ஆளைச் சேர்க்க வேண்டுமானால் திருத்த விண்ணப்பம் போட வேண்டும். “15 முதல் 30 பேர், 30 முதல் 75 நிமிடம்” என்று எழுதினால், உண்மையாகவே அதற்குள் அடங்கும்வரை யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

கையில் நரம்புப் பாதிப்பு, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், குளிரில் விரல் வெளுத்துப்போகும் தொல்லை, அதிரும் கருவிகளோடு நீண்டகாலம் வேலை செய்ததால் வந்த மரத்துப்போதல் ஆகியவை உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று விளக்கத் தாளிலேயே சொல்லிவிடுங்கள். சோதனை நாளன்று திருப்பி அனுப்புவது அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

3. மோட்டார்: மலிவானதை வாங்கி இரண்டு முறை செலவழிக்காதீர்கள்

கைப்பேசிகளில் வரும் காசு வடிவச் சுழல் மோட்டார் மிக மலிவு. நானும் அதில்தான் தொடங்கினேன். அதில் வேகத்தைக் கூட்டினால் அதிர்வெண்ணும் வலிமையும் சேர்ந்தே கூடும். இரண்டையும் தனித்தனியாக மாற்ற வழியில்லை. சுழலத் தொடங்கவும் நிற்கவும் பல பத்து மில்லிநொடிகள் எடுத்துக்கொள்ளும். “அதிர்கிறது, அதிரவில்லை” என்ற அறிவிப்புக்குச் சரி, நெருடலுக்கு உதவாது.

அடுத்து, நேர்கோட்டில் துள்ளும் ஒத்ததிர்வு மோட்டார். அது வேகமாக எழும், ஆனால் ஒரே அதிர்வெண்ணில்தான் நன்றாக வேலை செய்யும். இருநூறு ஹெர்ட்ஸை ஒட்டிய குறுகிய பட்டைக்கு வெளியே போனால் வலிமை சட்டென்று விழுந்துவிடும். பலவகைப் பரப்புகளைக் காட்ட வேண்டுமானால் ஒலிபெருக்கியைப் போல வேலை செய்யும் வாய்ஸ் காயில் வகைதான் ஏற்றது. மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பொருளால் ஆன பீசோ வகையும் நல்லதுதான். ஆனால் அதற்கு நூறு வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ மின்னழுத்தம் தேவைப்படுவது வழக்கம்; அதற்கான ஆம்ப்ளிஃபையர் மோட்டாரைவிடப் பல மடங்கு விலை பிடிக்கும், பாதுகாப்புக் குறிப்பும் நீளும்.

வாய்ஸ் காயில் மோட்டாருக்குக் கணினியின் ஒலி வெளியீடும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரும் போதும். ஒலி அட்டை வழக்கமாக நொடிக்கு அலையின் 44,100 புள்ளிகளைத் தருகிறது. விரலுக்குத் தெரியும் அதிர்வு சுமார் 1,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. தனியாகக் கட்டுப்பாட்டு அட்டை வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், எதற்கு என்று கேளுங்கள்.

மொத்தச் செலவில் எது பெரியது என்று கேட்பீர்கள். மோட்டாரும் அல்ல, ஆம்ப்ளிஃபையரும் அல்ல: பங்கேற்பாளர்களுக்குத் தரும் ஊக்கத்தொகை. அதையும் இரண்டு மடங்காகத் திட்டமிடுங்கள். முன்னோட்டச் சோதனைக்கு வருபவர்களுக்கும் தர வேண்டும். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் தர வேண்டும்.

4. அளவீடு: நீங்கள் அனுப்பியது விரலுக்குப் போகவில்லை

நிரலில் 200 ஹெர்ட்ஸ் சைன் அலை என்று எழுதிவிட்டால் விரலுக்கும் அதுவே போகிறது என்று நம்பிவிடுவோம். நடுவில் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, ஒட்டுநாடா இருக்கிறது, தட்டு இருக்கிறது, அதை அழுத்தும் விரலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் அலையைத் தன் விருப்பப்படி மாற்றும். இந்தப் படிக்குக் குறைந்தது ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

விரல் தொடும் இடத்துக்கு மிக அருகில் ஒரு முடுக்கமானியை ஒட்டி, 20 முதல் 1,000 ஹெர்ட்ஸ்வரை மெதுவாக ஏறும் அலையை அனுப்பி அளந்து பாருங்கள். முடுக்கமானி வாங்குவதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பொழுதுபோக்குச் சாதனங்களில் பரவலாக இருக்கும் எம்பியூ-6050 சில்லின் முடுக்க அளவீடு சுமார் 260 ஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும். ஏடிஎக்ஸ்எல்-335 சில்லில் இரண்டு அச்சுகள் 1,600 ஹெர்ட்ஸ்வரை போகும். தட்டுக்குச் செங்குத்தான மூன்றாவது அச்சு 550 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நான் அளந்தது அந்த மூன்றாவது அச்சைத்தான். 550-க்கு மேல் என் மோட்டார் வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவது மோட்டாரை வாங்கினேன். முதல் மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. சில்லைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டியிருந்தால் போதும்.

அளவீட்டை விரல் இல்லாமல் ஒரு முறையும் விரலை வைத்து ஒரு முறையும் எடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் எனக்கு வியப்பாக இருக்கும். விரல் அழுத்தும்போது ஒத்ததிர்வு நகரும், வீச்சு குறையும். அழுத்தத்தைக் கூட்டினால் மேலும் மாறும். ஆகவே, தட்டுக்கடியில் ஒரு எடை உணரியை வைத்து, விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் பதிவு செய்யுங்கள்.

முடுக்கத்தையும் இடப்பெயர்ச்சியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான அதே முடுக்கம் 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வீச்சு. 250 ஹெர்ட்ஸில் வெறும் 4 மைக்ரான். தோலோ எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி விழித்திருப்பதில்லை. ஆழத்தில் இருக்கும் பசீனியன் உணர்வேற்பிகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் மிகக் கூர்மையாக இருக்கின்றன. அங்கே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அசைவே போதும். 30 ஹெர்ட்ஸில் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். கருவியில் சமமாக அளந்த இரண்டு அதிர்வுகள் விரலுக்குச் சமம் அல்ல என்பதை இங்கேயே மனத்தில் வையுங்கள். ஆறாவது படியில் இது வந்து கடிக்கும்.

5. அலையை உருவாக்குதல்

எளிய சூத்திரம் ஒன்றுதான்: அதிர்வெண் என்பது விரலின் வேகத்தைப் பரப்பின் வரிகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் வருவது. அரை மில்லிமீட்டருக்கு ஒரு வரி உள்ள பரப்பின்மேல் நொடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் விரல் போனால் 200 ஹெர்ட்ஸ். வேகம் பாதியானால் 100 ஹெர்ட்ஸ். விரல் நின்றால் அதிர்வும் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் மறக்கிறார்கள். விரலின் அசைவோடு சேராத அதிர்வு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பங்கேற்பாளர் “ஏதோ மோட்டார் ஓடுகிறது” என்றுதான் சொல்வார். அசைவோடு சேர்ந்துவிட்டால் எளிய சைன் அலைகூட வரிவரியான பரப்பாக மாறிவிடுகிறது. என் சொந்தக் கருத்து: அலையின் வடிவத்தை மெருகேற்றச் செலவிடும் நேரத்தில் பாதியை விரலின் இடத்தைத் துல்லியமாக அறிவதில் செலவிடுங்கள். விரல் அசைவதற்கும் அதிர்வு மாறுவதற்கும் இடையிலான தாமதம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பல பத்து மில்லிநொடிகளைத் தாண்டினால் பரப்பு கையோடு ஒட்டாமல் நழுவும்.

உண்மையான பரப்புகளின் பதிவு வேண்டுமானால் நீங்களே எடுக்கத் தேவையில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2014-இல் 100 பரப்புகளின் பதிவுகளையும் அவற்றின் கணித மாதிரிகளையும் பொதுவில் வெளியிட்டது. பயன்படுத்துமுன் ஒன்றைக் கவனியுங்கள்: அவை கையில் பிடித்த கருவியின் முனையால் தேய்த்து எடுக்கப்பட்டவை. வெறும் விரல் சோதனைக்கு அவற்றை அப்படியே ஓட்டிவிட்டு “துணி துணியாகத் தெரியவில்லை” என்று குறைப்பட்டால் தவறு பதிவில் இல்லை.

மூன்று அச்சுகளிலும் பதிவான அதிர்வை ஒற்றை அச்சு மோட்டாரில் ஓட்டத் தயங்காதீர்கள். உயர் அதிர்வெண்களில் அதிர்வு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கைக்கு அவ்வளவாகத் தெரியாது. மொத்த ஆற்றல் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் காக்கப்படும்படி மூன்றையும் ஒன்றாக்கும் முறைகள் இருக்கின்றன. வெறுமனே கூட்டிவிடாதீர்கள், எதிரெதிர் அலைகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

6. விடை கசியும் மற்ற வழிகளை அடைத்துவிடுங்கள்

என் ஆறு வாரம் போனது இங்கேதான்.

காது: 200 ஹெர்ட்ஸ் என்பது விரலுக்கு அதிர்வு, காதுக்கு ஒலி. காது அதிர்வெண்ணைப் பிரிப்பதில் விரலைவிட வெகுதூரம் முன்னே நிற்கிறது. விரலுக்கு 10 முதல் 30 விழுக்காடு வேறுபாடு தேவைப்படும் இடத்தில் காதுக்கு ஒரு விழுக்காடுகூட வேண்டாம். ஆகவே, வாய்ப்புக் கிடைத்தால் பங்கேற்பாளர் காதால்தான் விடை சொல்வார். அவரே அறியாமலும் சொல்வார். காதில் விழுவது தொடுவுணர்வையே மாற்றவும் செய்யும்: உள்ளங்கைகளைத் தேய்க்கும் ஒலியின் உயர் அதிர்வெண்களைக் கூட்டிக் கேட்கவைத்தால் தோல் தாள்போல் உலர்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஹெட்ஃபோனில் வெறும் வெள்ளை இரைச்சல் (எல்லா அதிர்வெண்களும் சமமாகக் கலந்த ஒலி) போதாது. மோட்டார் எழுப்பும் பட்டையில் வலுவாக இருக்கும் இரைச்சலை, கேட்பதற்குப் பாதுகாப்பான அளவுக்குள் ஓட்டுங்கள். மோட்டாரின் அதிர்வு மேசை வழியாக முழங்கைக்கும், அங்கிருந்து எலும்பு வழியாகக் காதுக்கும் போகும்; சாதனத்துக்கும் முழங்கைக்கும் கீழே தடித்த பஞ்சு வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு தொடாச் சோதனை நடத்துங்கள். பங்கேற்பாளர் ஹெட்ஃபோனோடு, விரலைத் தட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே அந்தரத்தில் பிடித்தபடி, அதே கேள்விகளுக்கு ஊகித்து விடை சொல்லட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியானால் பாதிதான் சரியாக வர வேண்டும். 20-க்கு 15 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் ஓட்டை இருக்கிறது. வெறும் ஊகத்தால் அப்படி வரும் வாய்ப்பு சுமார் 2 விழுக்காடுதான். ஐந்து நிமிட வேலை. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கண்: தட்டு நடுங்குவது தெரிந்தால் முடிந்தது. துணித் திரை போடுங்கள்.

வலிமை: இரண்டு பரப்புகளில் ஒன்று சற்று வலுவாக அதிர்ந்தால் எல்லோரும் வலிமையைத்தான் ஒப்பிடுவார்கள். நான்காவது படியில் சொன்னபடி, கருவி அளவில் சமமாக்கினால் போதாது. ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வோர் அதிர்வையும் ஓர் அடிப்படை அதிர்வுக்குச் சமமாகத் தோன்றும்வரை குமிழைத் திருப்பச் சொல்லி, அந்தச் சராசரியைப் பயன்படுத்துங்கள். இவர்கள் முதன்மைச் சோதனையில் கலந்துகொள்ளக் கூடாது.

சூடு: வலுவான அதிர்வை நிறைய ஓட்டினால் மோட்டார் சூடாகும், தட்டும் சூடாகும். “இந்தப் பரப்பு கம்பளிபோல் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னபோது பெருமைப்பட்டேன். தட்டைத் தொட்டுப் பார்த்தபிறகு பெருமை போய்விட்டது.

7. கேள்வி கேட்கும் முறையும் நேரக் கணக்கும்

10 பரப்புகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டால் 45 இணைகள். ஒவ்வொன்றையும் 4 முறை கேட்டால் 180. ஒன்றுக்கு 12 நொடி என்றால் 36 நிமிடம். விளக்கமும் இடைவேளையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். இப்போது “இன்னும் ஐந்து பரப்புகளைச் சேர்ப்போமே” என்று உங்கள் ஆய்வு வழிகாட்டி சொல்வார். 15 பரப்புகளுக்கு 105 இணைகள், 420 கேள்விகள், 84 நிமிடம், இடைவேளை தனி. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள்; வாதம் வேண்டியிருக்காது.

உணர்வின் எல்லையை அறிய வேண்டுமானால் படிக்கட்டு முறை நேரத்தை மிச்சப்படுத்தும். மூன்று முறை தொடர்ந்து சரியாகச் சொன்னால் கேள்வி கடினமாகும். ஒரு முறை தவறினால் எளிதாகும். இது சுமார் 79 விழுக்காடு சரியாகச் சொல்லும் அளவில் வந்து நிற்கும்.

சொற்களைக் கொண்டு மதிப்பெண் கேட்பதானால் நம் மொழியில் ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. சொரசொர, நறநற, வழவழ, மொழமொழ, கரடுமுரடு என்று தொட்டதும் வாயில் வரும் சொற்கள் ஏராளம். ஆனால் “சொரசொரப்பு” என்றால் ஒருவருக்குத் துகளின் பருமன், இன்னொருவருக்கு அதிர்வின் வேகம். தொடங்கும்முன் இரண்டு உப்புத்தாள் துண்டுகளைக் கொடுங்கள், ஒன்று பரும்படி, ஒன்று நைசு. “இதைத்தான் சொரசொரப்பு என்கிறோம், இதற்கு இவ்வளவு மதிப்பெண்” என்று எல்லோருக்கும் ஒரே அடிப்படை கொடுத்துவிடுங்கள்.

8. முன்னோட்டமும் சோதனை நாளும்

மூன்று பேரை வைத்து முழுச் சோதனையையும் ஓட்டிப் பாருங்கள். நீங்களே உட்கார்ந்து ஓட்டியது கணக்கில் சேராது. எந்த விடை சரி என்று உங்களுக்குத் தெரியும்.

சோதனை நாளில் பங்கேற்பாளரை வந்தவுடன் உட்காரவைக்காதீர்கள். குளிர்ந்த விரலில் உயர் அதிர்வெண் உணர்வு மந்தமாகிவிடும். படிவம் நிரப்பும் பத்து நிமிடத்தில் கை அறையின் வெப்பத்துக்குப் பழகிவிடும். தோல் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வயதையும் குறியுங்கள்: முதியவர்களுக்கு இந்த உணர்வு கணிசமாகக் குறையும்.

தொடர்ந்து அதிர்ந்தால் விரல் மரத்துப்போகும். மீள நிமிடங்கள் ஆகும். ஒவ்வொரு கேள்விக்கும் இடையே இரண்டு மூன்று நொடி அமைதி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிட ஓய்வு. கேள்விகளின் வரிசை ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் மாறட்டும். இல்லாவிட்டால் கடைசியில் வரும் பரப்பெல்லாம் வழவழப்பாகிவிடும்.

ஒரு நாளுக்கு நான்கு பேருக்கு மேல் வரச்சொல்லாதீர்கள். ஐந்தாவது ஆளுக்கு விளக்கும்போது நீங்கள் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

9. தரவு

யாருடைய விடைகளை நீக்குவீர்கள் என்ற விதியைத் தரவைப் பார்க்கும்முன் எழுதிவைத்து, ஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் இணையதளம் ஒன்றில் பதிவு செய்துவிடுங்கள். ஒரு நாள் வேலைதான். பங்கேற்பாளர்கள் தாங்கள் உணர்ந்த வலிமைக்குத் தாங்களாகவே ஓர் எண் தரும் முறையில் ஒருவர் 10 வரை போவார், இன்னொருவர் 500 வரை போவார். பெருக்குச் சராசரியை (எண்களைக் கூட்டாமல் பெருக்கி, பிறகு மூலம் எடுத்துக் காணும் சராசரியை) பயன்படுத்துங்கள். ஒருவரே தந்த 180 விடைகளை 180 பேரின் விடைகளாகக் கணக்கிடுவது புதியவர்கள் செய்யும் பெரும்பிழை.

கடைசி ஆள் போனதும் சாதனத்தைக் கழற்றாதீர்கள். நான்காவது படியின் அளவீட்டை மறுபடி எடுத்து முதல் நாள் அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது சோதனையின்போது என் மோட்டாரின் இருபக்க ஒட்டுநாடா எப்போதோ ஒரு மூலையில் விட்டுப்போயிருந்தது. எந்த ஆளிலிருந்து என்று சொல்ல முடியவில்லை. இப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் அளக்கிறேன், ஒட்டுநாடாவுக்குப் பதில் திருகாணி போட்டிருக்கிறேன்.